கேட்கிறது, ஆனால் புரியவில்லை

"காது கேட்குதா, இல்லையா?"

இந்தக் கேள்வியை நாம் வீட்டில் பல முறை கேட்கிறோம். கூப்பிட்டுப் பிள்ளை திரும்பாவிட்டால் கேட்கிறோம். சொன்ன வேலையை மாற்றிச் செய்தால் கேட்கிறோம். கோபத்தில் கேட்கிறோம். பதிலுக்குக் காத்திருப்பதில்லை.

இந்தப் பாடத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவோம்.

1. காதின் வேலை, மூளையின் வேலை

ஒலியைப் பிடிப்பது காதின் வேலை. பிடித்த ஒலியைப் புரிந்துகொள்வது மூளையின் வேலை. இரண்டும் சேர்ந்தால்தான் கேட்டது விளங்கும்.

ஒலி காதுத் துளை வழியாக உள்ளே போகிறது. செவிப்பறையில் மோதுகிறது. செவிப்பறை மெல்லிய தோல் போன்றது. அது அதிர்கிறது. அதற்குப் பின்னால் மூன்று சிறிய எலும்புகள் இருக்கின்றன. நம் உடம்பிலேயே மிகச் சிறிய எலும்புகள் இவைதான். இவையும் அதிர்கின்றன. இவற்றுக்கு அடுத்து நத்தைக் கூடு போல் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அங்கிருந்து நரம்பு வழியாகச் செய்தி மூளைக்குப் போகிறது.

மூளை பல வேலைகளைச் செய்கிறது. அவற்றில் மூன்றைப் பார்ப்போம்.

வேண்டிய குரலைப் பிரித்து எடுக்கிறது. மற்ற இரைச்சலை ஒதுக்குகிறது.

ஒன்று போல் ஒலிக்கும் சொற்களைப் பிரித்து அறிகிறது. 'காடு' என்பது வேறு. 'காது' என்பது வேறு. 'பட்டு' வேறு. 'தட்டு' வேறு.

கேட்டதை வரிசையாக நினைவில் வைக்கிறது. "கதவைச் சாத்து, விளக்கைப் போடு, புத்தகத்தை எடு" என்றால், எது முதலில், எது அடுத்து என்று வைத்துக்கொள்கிறது.

சில பிள்ளைகளுக்குக் காது நன்றாக இருக்கும். ஆனால் மூளை செய்யும் இந்த வேலைகளில் தடங்கல் இருக்கும். இதைக் 'கேட்டுப் புரிதல் குறைபாடு' என்று சொல்லலாம். மருத்துவர்கள் 'ஆடிட்டரி ப்ராசசிங் டிசார்டர்' என்பார்கள்.

இது செவிடு அல்ல. சோம்பேறித்தனமும் அல்ல. அறிவு குறைவு என்றும் பொருள் அல்ல.

2. தாராவியில் ஒரு வகுப்பறை

நம் மும்பையை எண்ணிப் பாருங்கள். தாராவியில் 90 அடி சாலையில் வண்டிகளின் ஹாரன் ஓய்வதில்லை. சந்துக்குள் தையல் மெஷின் ஓடுகிறது. தகரம் தட்டும் சத்தம் கேட்கிறது. ஒரே அறையில் சமையல், டிவி, பேச்சு எல்லாம் நடக்கிறது. பிள்ளை அங்கேதான் படிக்கிறது.

வகுப்பில் மின்விசிறி கடகடக்கிறது. அடுத்த வகுப்பில் வாய்ப்பாடு சொல்கிறார்கள். ஆசிரியர் போர்டைப் பார்த்துக்கொண்டே பேசுகிறார்.

பெரும்பாலான பிள்ளைகள் இந்தச் சத்தத்திலும் சமாளித்துக்கொள்கிறார்கள். குறைபாடு உள்ள பிள்ளைக்கு எல்லா ஒலியும் ஒன்றாகக் கலந்து விழுகிறது. ஆசிரியர் குரலும் ஹாரனும் அதற்கு ஒன்றுதான். சிறிது நேரம் முயல்கிறது. பிறகு களைத்துப்போகிறது. ஜன்னலைப் பார்க்கிறது.

"கவனம் இல்லை" என்று நாம் திட்டுகிறோம். அடிக்கிறோம். மதிப்பெண் குறைகிறது. "படிப்பு ஏறவில்லை, பட்டறைக்கு அனுப்பு" என்கிறோம். படிக்கக்கூடிய ஒரு பிள்ளையின் படிப்பு இப்படி நின்றுபோகலாம்.

3. டீச்சரும் தாயும்

ஒரு பள்ளியில் இப்படி ஒரு பேச்சு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

டீச்சர்: வாங்கம்மா, உட்காருங்க.

தாய்: என்ன டீச்சர், இவன் மறுபடியும் வம்பு இழுத்துட்டானா?

டீச்சர்: வம்பு ஒண்ணும் இல்லம்மா. வீட்ல எப்படி இருக்கான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்.

தாய்: அத ஏன் கேக்கீங்க டீச்சர்! உப்பு, புளி, தீப்பெட்டி வாங்கிட்டு வாலேன்னா, புளி மட்டும் வாங்கிட்டு வாரான். அவங்க அப்பா அடிக்காரு.

டீச்சர்: அடிச்சா மறுநாள் சரியா வாங்கிட்டு வர்றானா?

தாய்: எங்க? மறுநாளும் அப்படித்தான்.

டீச்சர்: சீட்டுல எழுதிக் கொடுத்துப் பாத்தீங்களா?

தாய்: நானே இப்பத்தான் ராத்திரி வகுப்புல எழுதப் படிக்கேன். போன வாரம் மொத தடவையா எழுதிக் கொடுத்தேன். அன்னைக்கு மூணையும் சரியா வாங்கிட்டு வந்துட்டான்.

டீச்சர்: அம்மா, இங்கயும் அதேதான். போர்டுல எழுதுன கணக்கைச் சரியாப் போடுறான். வாயால சொன்னா தப்பாப் போடுறான்.

தாய்: அப்ப எம்புள்ள செவிடா டீச்சர்?

டீச்சர்: அதை நீங்களும் சொல்லக் கூடாது, நானும் சொல்லக் கூடாது. சோதிச்சுப் பார்த்துட்டுத்தான் சொல்லணும். மொதல்ல காதைப் பார்ப்போம்.

இந்தத் தாய் ஒரு பெரிய விஷயத்தைக் கவனித்திருக்கிறார். கண்ணால் பார்த்தால் பிள்ளைக்குப் புரிகிறது. காதால் கேட்டால் தவறுகிறது. அவர் எழுதக் கற்றதால்தான் இது தெரிந்தது.

4. முதலில் காதைச் சோதிப்போம்

சொல்வது பிடிபடவில்லை என்றால், முதலில் காது சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

காதில் அழுக்கு அடைத்திருக்கலாம். சீழ் வடியலாம். சளி பிடித்த பிறகு செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கலாம். அப்போது வலி இல்லாமலே கேட்கும் சக்தி குறையும். ஒரு நாள் கேட்கும். ஒரு நாள் கேட்காது. பிள்ளை வேண்டுமென்றே செய்வது போல் நமக்குத் தோன்றும். இவற்றுக்கு மருத்துவம் உண்டு.

காதில் காய்ச்சிய எண்ணெய் ஊற்றாதீர்கள். ஊக்கு, தீக்குச்சி விட்டுக் குடையாதீர்கள். செவிப்பறை கிழிந்துவிடலாம்.

காதைச் சோதிப்பதில் வலி இல்லை. ஊசி இல்லை. பிள்ளையின் காதில் ஹெட்ஃபோன் மாட்டுவார்கள். சிறிய ஒலிகளைக் கேட்க விடுவார்கள். ஒலி கேட்டால் பிள்ளை கையைத் தூக்க வேண்டும். எடையைக் கிலோவில் அளக்கிறோம் அல்லவா? அது போல ஒலியின் அளவை டெசிபல் கணக்கில் சொல்கிறோம். எத்தனை டெசிபல் ஒலி பிள்ளைக்குக் கேட்கிறது என்று குறித்துக்கொள்வார்கள்.

5. பன்னிரண்டு கேள்விகள்

காது நன்றாக இருக்கிறது. ஆனாலும் சொல்வது பிடிபடவில்லை. இப்போது என்ன செய்வது?

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு வழி கண்டிருக்கிறார்கள். மைசூரில் அகில இந்தியப் பேச்சு, கேள்வி நிறுவனம் இருக்கிறது. அது 1965-இல் தொடங்கியது. அங்கே பேராசிரியர் ஆஷா யதிராஜ் பணியாற்றினார். 2000-க்குப் பின் வந்த சில ஆண்டுகளில் அவரும் அவருடன் இருந்த ஆய்வாளரும் ஒரு கேள்விப் பட்டியலைத் தயாரித்தார்கள். அதில் 12 கேள்விகள் இருக்கின்றன. பதில் சொல்பவர் ஆசிரியர். 'ஆம்' அல்லது 'இல்லை' என்று சொன்னால் போதும். ஓர் 'ஆம்' வந்தால் ஒரு மதிப்பெண். 6 அல்லது அதற்கு மேல் வந்தால், அந்தப் பிள்ளையை அடுத்த சோதனைக்கு அனுப்ப வேண்டும்.

அந்தப் பட்டியல் விசாரிக்கும் விஷயங்களில் சில இவை:

சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறதா?
பக்கத்தில் சத்தம் வந்தால் கவனம் சிதறுகிறதா?
கேட்டதை வரிசை மாற்றிச் சொல்கிறதா?
கேட்டது சில நிமிடத்தில் மறந்துபோகிறதா?
ஒன்று போல் ஒலிக்கும் எழுத்துகளைக் குழப்புகிறதா?
கேள்வி கேட்டால் பதில் சொல்ல நேரம் ஆகிறதா?
கண்ணால் பார்க்கும்போது நன்றாகப் புரிந்துகொள்கிறதா?

இந்தப் பட்டியலுக்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. பிள்ளையை நாள்தோறும் பார்க்கும் ஆசிரியரின் கவனம்தான் தேவை. ஒரு பென்சில் போதும்.

6. முறமும் அரிசியும்

ஓர் எச்சரிக்கை. ஆறு 'ஆம்' வந்துவிட்டால் குறைபாடு உண்டு என்று முடிவு கட்டக் கூடாது.

அரிசியை முறத்தில் புடைக்கிறோம். கல் போல் தெரிவதை ஒரு பக்கம் ஒதுக்குகிறோம். ஒதுக்கியதை அப்படியே கொட்டிவிடுவோமா? மாட்டோம். மறுபடியும் கையால் கிளறிப் பார்ப்போம். நல்ல அரிசி இருந்தால் எடுத்துக்கொள்வோம்.

பள்ளியில் செய்யும் முதல் சோதனையும் புடைப்பது போன்றதுதான். யாரை இன்னும் நன்றாகச் சோதிக்க வேண்டும் என்று மட்டும் அது காட்டும். முடிவைச் சொல்ல வேண்டியவர் கேள்வித்திறன் வல்லுநர். அவரை 'ஆடியாலஜிஸ்ட்' என்பார்கள்.

இதே அடையாளங்கள் வேறு காரணத்தாலும் வரலாம். பசி, தூக்கக் குறைவு, கவனக் குறைபாடு, எழுத்துப் படிப்பதில் சிக்கல் என்று பல உண்டு. கேட்டுப் புரிதல் குறைபாட்டைத் தனியாகப் பார்ப்பதா, கவனக் குறைபாட்டோடு சேர்த்துப் பார்ப்பதா என்று அறிஞர்களும் விவாதிக்கிறார்கள். அதனால்தான் பல வகையாகச் சோதித்துப் பார்க்கிறார்கள்.

வயதும் முக்கியம். ஏழு வயதுக்கு முன் இந்தக் குறைபாட்டை உறுதியாகச் சொல்வது கடினம். சிறு பிள்ளையின் மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

7. மொழியை மறக்க வேண்டாம்

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வீட்டில் தமிழ். தெருவில் இந்தி. கடையில் மராத்தி. பள்ளியில் சில பிள்ளைகளுக்கு ஆங்கிலம்.

ஆங்கிலப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்குப் பாடம் புரியாமல் இருக்கலாம். அது மொழி தெரியாததால் வருவது. அதைக் குறைபாடு என்று சொல்லக் கூடாது. வீட்டில் தமிழில் பேசும்போதும் அதே தடுமாற்றம் இருக்கிறதா? அதைத்தான் கவனிக்க வேண்டும்.

சோதனைக்குப் போகும்போது ஆடியாலஜிஸ்டிடம் இதைச் சொல்லுங்கள்: "என் பிள்ளை வீட்டில் தமிழ் பேசும். பள்ளியில் இந்த மொழியில் படிக்கிறது." சோதனை முடிவைச் சரியாகப் புரிந்துகொள்ள இது அவருக்கு உதவும்.

8. அடுத்த சோதனையில் என்ன செய்வார்கள்?

2013-இல் மைசூர் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இன்னொரு சோதனையைப் பற்றி எழுதினார்கள். 8 முதல் 13 வயது வரை உள்ள 400 பள்ளிப் பிள்ளைகளிடம் அதைச் செய்து பார்த்தார்கள். அதில் நான்கு பகுதிகள் உண்டு.

ஒன்று: இரைச்சலுக்கு நடுவே ஒரு சொல் வரும். பிள்ளை அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

இரண்டு: ஒரே நேரத்தில் ஒரு காதில் ஓர் எழுத்தும் மறு காதில் வேறு எழுத்தும் ஒலிக்கும். பிள்ளை இரண்டையும் சொல்ல வேண்டும்.

மூன்று: ஓர் ஒலி போய்க்கொண்டே இருக்கும். நடுவில் கண் இமைப்பதை விடக் குறைந்த நேரம் நிற்கும். அந்த இடைவெளி தெரிகிறதா என்று பார்ப்பார்கள்.

நான்கு: சில சொற்களைச் சொல்வார்கள். பிள்ளை அவற்றை நினைவில் வைத்துச் சொல்ல வேண்டும்.

பிள்ளைக்கு இது விளையாட்டுப் போலத்தான் இருக்கும். பயமுறுத்தாமல் அழைத்துப் போங்கள். பசியோடு அழைத்துப் போகாதீர்கள்.

9. எங்கே போவது?

தாராவிக்குப் பக்கத்தில் சயான் ஆஸ்பத்திரி இருக்கிறது. அதன் முழுப் பெயர் லோகமான்ய திலக் மாநகராட்சிப் பொது மருத்துவமனை. அங்கே கேஸ் பேப்பர் எடுத்து, காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போகலாம்.

பாந்த்ரா ரெக்ளமேஷனில் ஒரு தேசிய நிறுவனம் இருக்கிறது. மகாராஷ்டிர ஆளுநராக இருந்த அலி யாவர் ஜங்கின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். 1983 ஆகஸ்ட் 9 அன்று அது தொடங்கியது. கேட்பதிலும் பேசுவதிலும் குறை உள்ளவர்களுக்காகவே நடக்கும் நிறுவனம் அது. மாட்டுங்கா ரோடு ஸ்டேஷனிலிருந்து மாஹிம், அதற்கு அடுத்தது பாந்த்ரா. செம்பூரில் இருப்பவர்கள் வடாலா ரோட்டில் ரயில் மாறிப் பாந்த்ராவுக்குப் போகலாம்.

பள்ளிக்கும் சுகாதாரக் குழு வரலாம். 'ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம்' என்ற அரசுத் திட்டம் 2013 பிப்ரவரியில் மகாராஷ்டிராவின் பால்கரில் தொடங்கியது. 18 வயது வரை உள்ள பிள்ளைகளின் உடல்நலத்தைப் பார்ப்பது அதன் வேலை. கேட்கும் திறனையும் அதில் பார்க்கிறார்கள். குழு வரும்போது, "என் பிள்ளைக்குக் காதைப் பாருங்கள்" என்று கேட்பது உங்கள் உரிமை.

10. நாம் என்ன செய்யலாம்?

இந்தக் குறைபாட்டுக்கு மாத்திரை இல்லை. ஆனால் வழிகள் உண்டு. ஆடியாலஜிஸ்ட் கேட்கும் பயிற்சி கொடுப்பார். மற்றதை நாம் செய்ய வேண்டும்.

வீட்டில்:

டிவியை நிறுத்திவிட்டுப் பேசுங்கள்.
பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள்.
ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள்.
"நான் என்ன சொன்னேன், சொல்லு பார்ப்போம்" என்று அன்பாகக் கேளுங்கள்.
எழுதிக் காட்டுங்கள்.
கதை சொல்லுங்கள். விடுகதை போடுங்கள்.

வகுப்பில்:

பிள்ளையை முன் வரிசையில் உட்கார வைக்க வேண்டும்.
கதவு, ஜன்னல், மின்விசிறிச் சத்தத்திலிருந்து தள்ளி வைக்க வேண்டும்.
ஆசிரியர் பிள்ளைகளைப் பார்த்துப் பேச வேண்டும்.
முக்கியமானதைப் போர்டில் எழுத வேண்டும்.

இவற்றுக்கு அதிகச் செலவு இல்லை. குறைபாடு இல்லாத பிள்ளைகளுக்கும் இவை நல்லவை.

ஊரும் உதவ வேண்டும். பள்ளியைச் சுற்றி 100 மீட்டர் இடத்தை அமைதிப் பகுதியாக அறிவிக்க 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வழி செய்கின்றன. அமைதிப் பகுதிக்குப் பகலில் 50 டெசிபல்தான் வரம்பு. உங்கள் பள்ளி வாசலில் 'ஹாரன் அடிக்காதீர்' என்ற பலகை இருக்கிறதா? இல்லை என்றால் பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள்.

நினைவில் வைப்போம்

கேட்பது வேறு. கேட்டதைப் புரிந்துகொள்வது வேறு.
முதலில் காதைச் சோதிக்க வேண்டும்.
பள்ளியில் செய்யும் சோதனை வழி காட்டும். முடிவு சொல்லாது.
அடித்தால் காது கூர்மை ஆகாது. பிள்ளைக்குப் பயம்தான் வரும்.

பயிற்சி

அ. விடை எழுதுங்கள்.
1. மூளை செய்யும் வேலைகளில் மூன்றைச் சொல்லுங்கள்.
2. எழுதிக் கொடுத்ததும் பையன் சரியாகப் பொருள் வாங்கி வந்தான். ஏன்?
3. காதில் ஏன் எண்ணெய் ஊற்றக் கூடாது?

ஆ. கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்.
1. மைசூர்ப் பட்டியலில் ______ கேள்விகள் உள்ளன.
2. ஒலியின் அளவை ______ கணக்கில் சொல்கிறோம்.

இ. சேர்ந்து பேசுங்கள்.
உங்கள் சந்தில் பிள்ளைகள் படிக்கும் நேரத்தில் என்னென்ன சத்தம் வருகிறது? எதைக் குறைக்கலாம்?

ஈ. கீழே உள்ள கடிதத்தைப் படியுங்கள். கோடிட்ட இடத்தில் எழுதி, தேவைப்பட்டால் பள்ளியில் கொடுங்கள்.

மதிப்பிற்குரிய டீச்சர் அவர்களுக்கு,
வணக்கம். என் பிள்ளை ______ உங்களிடம் ______ ஆம் வகுப்பில் படிக்கிறது. வாயால் சொன்னால் சரியாகப் புரிவதில்லை. எழுதிக் காட்டினால் புரிகிறது. காதைச் சோதிக்க ______ ஆம் தேதி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறோம். அதுவரை பிள்ளையை முன் வரிசையில் உட்கார வையுங்கள். வகுப்பில் நீங்கள் கவனித்ததை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். டாக்டரிடம் காட்டுகிறோம்.
இப்படிக்கு,
______